மொழியை விற்றா கலை வாங்குவது?

ஏற்காட்டு மலையிலே யான் கண்டது இது. சிறுவனாய்த் தொலைக்காட்சியில் தோரேமானைத் தமிழிலே கண்டு களித்தவன், மீசை அரும்பியதும் சப்பானியக் குரலையும் ஆங்கில அடிவரியையும் நாடுகின்றான், தமிழ்க்குரல் இழிவென்கின்றான்! ‘அரிகாத்தோ’ இனிக்கிறதாம், ‘நன்றி’ கசக்கிறதாம்!

தம்பி, மூலமொழியில் சுவைப்பது வளர்ச்சியே. ஆயின், அவ்வியங்கோவியம் உலகை வென்றது எதனால்? 1963-இல் ஒசாமு தெசுக்கா தொலைக்காட்சிக்குத் ‘தெத்சுவன் அதோம்’ படைத்த நாள்தொட்டுச் சப்பானியர் தம்மொழியிலேயே படைத்தனர். உலகம் தேடி வந்தது. 2025-இல் ‘டீமன் சிலேயர்’ திரைப்படம் தமிழ்க்குரலோடு நம் அரங்குகளுக்கு வந்ததே! பொருளீட்டவேனும் அயலான் தமிழை நாடுகின்றான், நீயோ நாணுகின்றாய்!

சுவைஞனாய்த் தேங்காதே, படைப்பாளியாய் வளர்! சேர்வராயன் மலைக்கதையைத் தமிழிலே தீட்டு. உலகம் அடிவரி இட்டுக்கொள்ளட்டும்!