புன்னகையின் விலை

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று நமக்கு நடுவராக அமரும் பேறு கிட்டிற்று. இராமகிருஷ்ணபுரத்தில் வாழும் நம் நண்பர் ஒருவரின் இல்லத்தில் எழுந்த வழக்கு அது. அவருடைய பேரன், பத்து வயதுச் சிறுவன், பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதற்பரிசு பெற்றிருந்தான். அதனைக் கொண்டாடக் குடும்பத்தோடு வெளியே சென்று உண்பது என்று முடிவாயிற்று. எங்கே செல்வது என்பதில்தான் வழக்கு. பாட்டியார் கன்னாட் பிளேஸுக்குச் சென்று நெய் தோசை உண்ணலாம் என்றார். பேரனோ, ‘பர்கர்’ என்னும் ஒரு சொல்லைத் தவிர வேறெதையும் சொல்ல மறுத்துவிட்டான்.

நண்பகலில் பர்கர், இரவில் தோசை என்று நாம் தீர்ப்பளித்தோம். வயிற்றின் நலம் கருதாத தீர்ப்பு என்று பாட்டியார் நம்மைக் கடிந்துகொண்டார். எனினும் தீர்ப்பு நிறைவேறிற்று. நாமும் உடன் சென்றோம்.

பர்கர்க் கடையில் நம்மை வரவேற்றவர் ஒருவரும் இலர். ஆளுயரத்தில் ஒரு திரை நின்றது. அதனைத் தொட்டுத் தொட்டு வேண்டியதைத் தெரிவு செய்து, அட்டையைக் காட்டிப் பணமும் செலுத்திவிட வேண்டும். பேரன் அதனிடம் பழகிய தோழனைப்போல் நடந்துகொண்டான். பாட்டியார் தமக்கு ஒரு காப்பி வேண்டுமென விரும்பி, தாமே முயன்று பார்ப்பதாகச் சொல்லித் திரையின் முன் நின்றார். இரண்டு நிமிடத்தில் திரை அவரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினர். அப்பொழுது உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். மணிப்பூரைச் சேர்ந்தவளாம். அவளுடைய இந்தி நம்முடைய இந்தியைப் போலவே தட்டுத் தடுமாறியது. பாட்டியாரின் கையைப் பற்றி நாற்காலியில் அமர்த்திவிட்டு, காப்பியைத் தானே கொண்டுவந்து வைத்தாள். அவ்வாறு செய்வது அவள் பணியன்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அந்தக் காப்பி நன்றாக இல்லை. ஆனால் பாட்டியார் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கடைகளின் பிறப்பு வளர்ப்பை அன்பர்கள் அறிந்துகொள்வது நன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்டு என்னும் உடன்பிறந்தார் இருவர் உணவுக்கடை ஒன்று நடத்திவந்தனர். வண்டியில் வருவோர் இறங்க வேண்டுவதில்லை. பணிப்பெண்கள் வண்டியருகே சென்று பரிமாறுவர். 1948-ஆம் ஆண்டில் அவர்கள் திடீரெனக் கடையை மூடிப் பணிப்பெண்கள் அனைவரையும் நீக்கிவிட்டு, சமையலறையைத் தொழிற்சாலைபோல் மாற்றியமைத்துச் சில திங்களில் மீண்டும் திறந்தனர். பண்டங்களின் எண்ணிக்கை சுருங்கிற்று. தட்டும் கரண்டியும் மறைந்து தாள் உறை வந்தது. பர்கரின் விலை 15 சென்ட் ஆயிற்று. வாங்குவோர் தாமே சன்னலருகே வந்து வாங்கிச் செல்ல வேண்டும். பரிமாறுவோரின் வேலையை உண்பவரிடமே ஒப்படைத்து, அதற்கு ஈடாக விலையைக் குறைத்தனர். இம்முறையைக் கண்டு வியந்த ரே கிராக் என்பவர் 1955-இல் இல்லினாய் மாநிலத்தில் தம் முதற் கடையைத் திறந்தார். இன்று 100-க்கு மேற்பட்ட நாடுகளில் 40,000-க்கு மேற்பட்ட கடைகள் அப்பெயரில் நடக்கின்றன.

நம் சென்னையில் நடந்ததோ இதற்கு நேர் எதிர். கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தை இங்குள்ள முதியோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். மரநிழலில் வண்டியை நிறுத்தினால் பணியாள் தட்டோடு வருவார். மெக்டொனால்டு உடன்பிறந்தார் கைவிட்ட முறை 14 ஆண்டுகளுக்குப்பின் நம்மூரில் வந்து, 2008 வரை 46 ஆண்டுகள் நிலைத்தது. உண்டு முடித்தபின்னும் எழுந்து செல்லாமல் பொழுதெல்லாம் பேசிக்கொண்டிருந்தோரை எவரும் விரட்டவில்லை. வணிகக் கணக்குப் பார்த்தால் அது பெரும் பிழை. அந்தப் பிழையால்தான் அவ்விடம் இன்றும் நினைக்கப்படுகிறது போலும்.

தில்லிக்கு வருவோம். மெக்டொனால்டு நிறுவனம் இந்தியாவில் முதன்முதலாகக் கால்வைத்தது இந்நகரில்தான். 1996-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் வசந்த் விஹாரின் பசந்த் லோக் அங்காடியில் அக்கடை திறக்கப்பெற்றது. மலைமந்திருக்கு மிக அணித்தே உள்ள இடம். மாட்டிறைச்சியைக் கைவிட்டு அந்நிறுவனம் கடை திறந்தது உலகில் புதுமையாகப் பேசப்பட்டது, பன்றியிறைச்சியும் இல்லை. சைவ உணவுக்கும் ஏனையவற்றுக்கும் சமைக்கும் இடத்தைத் தனித்தனியே பிரித்தனர். நம் வடநாட்டு ஆலூ டிக்கியே பர்கரின் நடுவில் ஏறி அமர்ந்துகொண்டது.

அதற்கு முன் தில்லிச் சிறுவர்களுக்கு இத்தகைய இன்பம் இல்லை என்று எண்ணிவிடலாகாது. 1934-இல் கன்னாட் பிளேஸில் தொழில் தொடங்கிய நிருலா குடும்பத்தார் 1977-இலேயே விரைவுணவுக் கடை திறந்துவிட்டனர். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் மதிப்பெண் அட்டையைக் காட்டினால் விலையின்றி ஐஸ்கிரீம் கொடுத்தனர். கோல் மார்க்கெட்டிலும் கரோல் பாக்கிலும் வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் கணக்குப் பாடத்தில் காட்டிய ஊக்கத்துக்கு அந்த ஐஸ்கிரீமும் ஒரு காரணம் என்று சொல்ல நமக்கு அச்சமில்லை. கன்னாட் பிளேஸிலேயே இருந்த மதராஸ் ஹோட்டல் பெரியவர்களின் புகலிடம். அங்கே சாம்பாருக்குக் கணக்கு வைத்ததில்லை. உணவகம் இன்று இல்லை. பேருந்து நடத்துநர்களின் வாயில் அப்பெயர் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் அங்கே ஒரு வாய் சாம்பாரும் சுவைத்திருக்க மாட்டார்கள்.

இனிப் புன்னகைக்கு வருவோம். இந்நிறுவனங்கள் சென்ற நாடெங்கும் பண்டத்தோடு புன்னகையையும் சேர்த்தே விற்றன. ஆனால் அது எல்லா ஊரிலும் ஒரே விலைக்குப் போகவில்லை. மாஸ்கோவில் 1990 ஜனவரி 31 அன்று புஷ்கின் சதுக்கத்தில் முதற் கடை திறந்தபொழுது ஒரே நாளில் 30,000-க்கு மேற்பட்டோர் உறைபனியில் வரிசையாக நின்று உண்டனர். முன்பின் அறியாதவரைப் பார்த்துப் புன்னகை செய்வது அங்கே வழக்கமன்று. ஆகவே பணியாளர்க்கு அதனைப் பாடமாகவே கற்பித்தனர். (2022-இல் அந்நிறுவனம் உருசிய நாட்டைவிட்டே வெளியேறிவிட்டது.) ஹாங்காங்கில் நிலை வேறு. கடையாள் காரணமின்றிச் சிரித்தால் ஏதோ சூது இருக்கிறதென்று அந்நகரத்தார் ஐயுறுவர் என மானிடவியலார் எழுதியுள்ளனர். அவர்கள் வேண்டியது தூய்மையும் நேர்மையுமே. சப்பானியரோ விலைப்பட்டியலிலேயே ‘புன்னகை: 0 யென்’ என்று அச்சிட்டுவிட்டனர்! பிலிப்பைன்ஸ் மக்கள் மற்றொரு வழி கண்டனர். தம் நாட்டில் பிறந்த ஜாலிபீ என்னும் கடையின் இனிப்புச் சுவையை விடாது பற்றிக்கொண்டு, அமெரிக்கக் கடையை இரண்டாம் இடத்தில் நிறுத்தி வைத்துள்ளனர்.

விலையில்லாப் புன்னகை என்று சப்பானியர் அச்சிட்டாலும், அதற்கான விலையை யாரேனும் ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பது நம் கருத்து. எட்டு மணிநேரம் கால்கடுக்க நின்று, எண்ணெய் கொதிக்கும் அடுப்பருகே முகம் வாடாமல் இருப்பது எளிதா?

இன்முகத்தினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. அது உண்மை கூறுதல். அமெரிக்காவில் மெக்டொனால்டு கடைகள் உருளைக்கிழங்கு வறுவலைத் தாவர எண்ணெயில் பொரிப்பதாக அறிவித்திருந்தன. அதில் மாட்டிறைச்சிச் சாரம் கலந்த மணப்பொருள் சேர்க்கப்படுவது 2001-இல் வெளியாயிற்று. ஆண்டுக்கணக்கில் நம்பி உண்ட இந்துக்களும் சைவ உணவினரும் வழக்குத் தொடுத்தனர். 2002-இல் நிறுவனம் மன்னிப்புக் கோரி, 1 கோடி டாலர் அளிக்க இசைந்தது. இந்தியக் கடைகளில் அப்பொருள் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அவ்வாண்டு இங்குள்ள பல தமிழ் இல்லங்களில், அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைக்குத் தொலைபேசியில் முதலில் கேட்கப்பட்ட கேள்வி நலம் பற்றியதாக இருந்திராது. ‘வறுவல் சாப்பிட்டாயா?’ என்பதாகவே இருந்திருக்கும்.

நம்மவர் நடத்தும் உணவகங்களையும் சிறிது பார்க்கவேண்டும். 1981-இல் சென்னைக் கலைஞர் கருணாநிதி நகரில் தொடங்கிய சரவண பவன், தில்லியில் ஜன்பத்திலும் கன்னாட் பிளேஸிலும் கிளைவிட்டது. 2000-ஆம் ஆண்டில் துபாய் சென்று, பின்னர் இலண்டன், நியூயார்க்கு எனப் பரந்தது. பணியாளர்க்கு இருப்பிடமும் மருத்துவமும் பிள்ளைகளின் கல்விக்கு உதவியும் அளித்ததால் நிறுவனர் பி. இராஜகோபாலை அவர்கள் ‘அண்ணாச்சி’ என்று போற்றினர். அதே மனிதர் தம் பணியாளர் ஒருவருடைய மருமகனின் கொலைவழக்கில் தண்டனை பெற்றார், 2019-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது, அவ்வாண்டே இறந்தார். இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற்கொள்வதுதான் முறை. அவ்வுணவகங்களில் தட்டேந்தி நின்ற தென்மாவட்ட இளைஞர்கள் எக்குற்றமும் செய்தாரில்லை.

இரவு நாம் சென்றது வேறொரு தென்னிந்திய உணவகம். நல்ல கூட்டம். நமக்குப் பரிமாற வந்தவன் இருபது வயது மதிக்கத்தக்க தமிழ் இளைஞன். பாட்டியார் ‘தம்பிக்கு எந்த ஊர்?’ என்றதும் முகம் மலர்ந்து, ‘திருச்சுழிப் பக்கம், பாட்டி’ என்றான். கேளாமலே சட்டினி வந்தது. பேரனுக்குக் காரமில்லாத பொடி வந்தது. பர்கர்க் கடையின் திரையால் இதனைச் செய்ய இயலாது என்று நாம் உள்ளுக்குள் மகிழ்ந்திருந்தோம்.

அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. அடுத்த மேசையில் அமர்ந்திருந்த குடும்பத்தாரும் தமிழரே, நன்கு கற்றவர்கள். காப்பி வரச் சற்று காலம் தாழ்ந்ததற்காக, அவ்விளைஞனை ஊரார் கேட்கப் பெரியவர் வாய்க்கு வந்தபடி பேசினார். அதுவும் தமிழில். வடநாட்டுப் பணியாளாயின் ‘பாயி சாஹப்’ என்று இந்தியில் மரியாதையோடு அழைத்திருப்பார். நம்மவன் என்பதால் ‘டேய்’ என்றார். இளைஞன் தலை குனிந்து, ‘மன்னிச்சிடுங்க ஐயா, இதோ கொண்டு வரேன்’ என்று சென்றான். நாமும் வாளாவிருந்தோம். பகலில் திரையின் முன் பின்னால் நின்று முணுமுணுத்தவர்களைக் குறை கூறிய நாம், இரவில் முணுமுணுக்கவும் இல்லை. இதனை எழுதும்பொழுது நமக்கு நாணமாகவே உள்ளது.

பேரன்தான் கேட்டான்: ‘தாத்தா, பர்கர்க் கடையில் யாரும் அந்த அக்காவைத் திட்டலையே, ஏன்?’ நண்பர் விடையின்றி நம்மைப் பார்த்தார். பகலில் நடுவராக இருந்தவர்க்கும் விடை இல்லை.

கணக்குச் சீட்டு வந்தது. அதில் சேவைக் கட்டணம் சேர்க்கப்படவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று, உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே கணக்கில் சேர்த்தலாகாது என்று நெறி வகுத்தது. உணவகச் சங்கங்கள் எதிர்த்து வழக்காடின. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்நெறி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீடு செய்தன. உண்பவர் விரும்பினால் கொடுக்கலாம் என்பதே அத்தீர்ப்பின் கருத்து. தீர்ப்பு நமக்கு உடன்பாடே. ஆனால் விருப்பம் என்று விட்டதனால் கொடுக்கவே வேண்டியதில்லை என்று நம்மவருட் பலர் பொருள் கொண்டுவிட்டனர். கணக்கைக் கூட்டிப் பார்த்து, மீதிச் சில்லறையைப் பெருஞ்சீரகத்தோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போவதை அன்று நாமே கண்டோம்.

பாட்டியார் தம் சுருக்குப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மடித்து அவ்விளைஞனின் கையில் வைத்தார். அவன் வாங்கத் தயங்கினான். பின்னர், யாரும் பாராத வேளையில் நம்மருகே வந்து, தயக்கத்தோடு ஒன்று கேட்டான். வந்து ஐந்து திங்களாகின்றனவாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மலைமந்திர் என்று ஒரு முருகன் கோயில் இருப்பதாகக் கேள்வி; எவ்வாறு செல்வது?

ராஜீவ் சௌக்கில் மஞ்சள் வழித்தட மெட்ரோவில் ஏறி ஹௌஸ் காஸில் இறங்கி, வேறு வண்டி மாறி வசந்த் விஹார் நிலையம் செல்ல வேண்டும் என்று நாம் சொல்லத் தொடங்கினோம். பாட்டியார் இடைமறித்தார். ‘அதெல்லாம் வேண்டாம் தம்பி. செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடு. சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்தே போகலாம்’ என்று, கணக்குச் சீட்டின் பின்புறத்தில் முகவரியை எழுதிக் கொடுத்தார்.