பற்றவைக்கும் முன் ஒரு கணக்கு

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். நண்பர்களோடு சேர்ந்து பழைய கார் ஒன்றை வாங்கி, பொழுதுபோக்குப் பந்தயங்களில் ஓட்டுவதற்காகச் சீர்செய்து வருகிறார். "சார், பின் அச்சிலுள்ள டிபரன்ஷியலை வெல்டிங் வைத்துவிடப் போகிறோம். செலவு கொஞ்சந்தான், வளைவில் கார் பறக்குமாம். ஊருக்குள்ளும் அதையே ஓட்டிக்கொள்ளலாம்" என்றார். அவர் சொன்னதில் முற்பகுதி சரி, பிற்பகுதி ஆபத்து. மாணவர்களே, ஏன் என்பதை நீங்கள் பள்ளியில் படித்த கணக்கைக் கொண்டே அறியலாம்.

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும், உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுழல முடியாது. எஞ்சினின் விசையை இரண்டுக்கும் அளித்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் இடந்தரும் பற்சக்கரத் தொகுதியே டிபரன்ஷியல். பிரான்சு நாட்டுக் கடிகாரக் கலைஞர் ஒனெசிஃபோர் பெக்கர் 1820-களில் நீராவி வண்டிக்காக இதை உருவாக்கினார்.

இதில் ஒரு குறை உண்டு. சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழச் சமமான திருப்புவிசையையே தரும். பந்தய வேகத்தில் வளையும்போது பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது. உட்பக்கச் சக்கரம் பிடிப்பிழந்து வீணே சுழல்கிறது. அதற்குக் கிடைக்கும் அற்பத் திருப்புவிசைதான் நன்றாகப் பதிந்திருக்கும் மற்றதற்கும் கிடைக்கிறது. 1930-களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்கள் இத்தொல்லைக்கு ஆளாயின. அவற்றை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே, சக்கரங்களின் வேக வேறுபாட்டை ஓர் அளவுக்குள் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியலை இசட்.எஃப். நிறுவனத்தைக் கொண்டு 1935-இல் செய்வித்தார். அத்தகைய கருவி விலை மிகுந்தது. ஆகவே கையில் காசில்லாத பந்தயக்காரர்கள் உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்களைப் பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழலும்.

இனி கணக்கு. இரு சக்கரங்களுக்கும் இடையே 1.3 மீட்டர் என்று கொள்வோம். கார் 90 பாகை திரும்பினால், வெளிச்சக்கரம் எவ்வளவு தூரம் அதிகமாகச் செல்ல வேண்டும்? 1.3-ஐ 22/7-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் சுமார் 2.04 மீட்டர். வளைவின் ஆரம் இதில் வரவே இல்லை, கவனித்தீர்களா? பந்தயப் பாதையானாலும் தெருமுனையானாலும் வேறுபாடு அதே 2 மீட்டர்தான்!

ஆனால் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் கார் 78 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதில் 2 மீட்டர் என்பது நூற்றுக்கு 3-க்கும் குறைவு. டயரின் நெகிழ்வும் சிறு வழுக்கலும் அதைத் தாங்கிக்கொள்ளும். 5 மீட்டர் ஆரமுள்ள தெருமுனையிலோ ஓட்டம் 8 மீட்டர்கூட இல்லை. வேறுபாடு நூற்றுக்கு 26! டயர் தேய்ந்து கதறும். சக்கர அச்சு முறுக்கப்படும். ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகப் பார்க்கும். மழை நாளில் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடவும் கூடும். தெருமுனையில் நடந்து செல்பவர் நம் பந்தயத்தில் பெயர் கொடுத்தவர் அல்லரே!

இன்னொன்றும் உண்டு. பற்சக்கரத்தின் எஃகு கடினமாக்கப்பட்டது. முன்னதாகச் சூடேற்றாமல் பற்றவைத்துச் சட்டென்று ஆறவிட்டால் இணைப்பு நொறுங்கும் தன்மை அடைந்து விரிசல் விடும். பெயர்ந்த துண்டு பற்களிடையே சிக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்காகப் பந்தய ஆசையே கூடாது என்று தடுக்கும் பெரியவர்கள் கட்சியில் நான் இல்லை. கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டிக்கு டிபரன்ஷியலே கிடையாது. திரும்பும்போது உட்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டுச் சற்றே எழும்படி அதனை அமைத்திருக்கிறார்கள். ஒன்றை நீக்கியவர்கள் அதற்கு ஈடும் செய்தார்கள். ஒரு பொறியில் எதையாவது அடைக்கவோ கழற்றவோ விரும்புகிறவர், அது எதற்காக வைக்கப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும். பிறகு துணிந்து செய்யலாம்.

மாணவரிடம் தாளைக் கொடுத்து அவரையே கணக்குப் போடச் சொன்னேன். "தேர்ந்த வெல்டரிடம் கொடுங்கள், பந்தயத்திடலுக்குக் காரை லாரியில் ஏற்றிச் செல்லுங்கள், ஊருக்குள் மட்டும் வேண்டாம்" என்றேன். அவர் நெடுநேரம் 26 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "லாரி வாடகையையும் செலவில் சேர்த்துக்கொள்கிறேன், சார்" என்று கூறி விடைபெற்றார்.