'கிளியர்' பட்டனைத் தொடாதீங்க

நம்ம டிபார்ட்மெண்ட்டில் சிலரிடம் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் இருக்கிறது. ஊருக்குப் போனதும் மாமா காரில், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் செருகுவோம். ஆப்பில் ஒரு ஃபால்ட் கோட் வரும். 'கிளியர்' அமுக்குவோம். செக் எஞ்சின் லைட் அணையும். "எஞ்சினியரிங் படிக்கிற புள்ள சரி பண்ணிருச்சு" என்று காபி வரும். என்னைக் கேட்டால், அந்தக் காபிக்கு நமக்குத் தகுதி இல்லை.

அந்த ஒரு அமுக்கில் ஃபால்ட் கோட் மட்டும் போவதில்லை. அது விழுந்த நேரத்தில் இசியு பதிந்து வைத்த 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' சேர்ந்து அழிகிறது. வேகம், ஆர்பிஎம், எஞ்சின் லோடு, கூலன்ட் சூடு, ஃப்யூயல் ட்ரிம் எல்லாம் அதில்தான் இருக்கும்.

உசிலம்பட்டியிலிருந்து தேனிக்குப் போய் வருகிற ஒரு பெட்ரோல் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். பி0171 என்று வருகிறது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் அதன் அர்த்தம். எந்தப் பார்ட் போச்சு என்று அது சொல்லவே இல்லை. ஆனால் நம்ம ஆட்கள் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். பாவம், கலவை சரியில்லைன்னு தகவல் கொடுத்ததே அந்த சென்சார்தான்!

ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பாருங்கள். வண்டி ஐடிலிங்கில் நின்றபோது விழுந்திருந்தால், வேக்குவம் ஹோஸ் எங்காவது கீறியிருக்கிறதா என்று முதலில் தேடலாம். ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில், எஞ்சின் முக்கிக்கொண்டு ஏறும்போது விழுந்திருந்தால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் சந்தேகம் போகணும். பிறகு லைவ் டேட்டா. ஹோஸ் கசிவு என்றால் ஐடிலிங்கில் ஃப்யூயல் ட்ரிம் எகிறி நிற்கும். 2500 ஆர்பிஎம்முக்கு ரேஸ் பண்ணினால் இறங்கும். லைட்டை அணைத்துவிட்டு வண்டியை அனுப்பினால் மெக்கானிக் எதை வைத்துத் தேடுவார்?

தேனி ரோட்டு ஒர்க்ஷாப் அண்ணன்களுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிடாதீங்க. சத்தத்தை வைத்தே மிஸ்ஃபயர் சொல்கிறவர்கள் அவர்கள். பலரிடம் இல்லாதது கம்பெனி டூல். எமிஷன் சம்பந்தப்பட்ட பொதுக் கோட்களை நம்ம ஸ்கேனரே படிக்கும். ஏர்பேக், ஏபிஎஸ், சாவி புரோகிராமிங் என்று போனால் பெரும்பாலும் கம்பெனி டூல் வேணும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டதே இந்த விவகாரத்தில்தான். உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் டூல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்றது ஆணையம். அப்புறம் மேல்முறையீடு என்று அது இழுத்தது தனிக்கதை.

அதனால் ஃபால்ட் கோட், ஃப்ரீஸ் ஃப்ரேம் இரண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அந்த அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே "சென்சாரை மாத்துங்கண்ணே" என்று தீர்ப்பும் அனுப்பாதீங்க.

பழைய கார் பார்க்கப் போனாலும் ஸ்கேனரை எடுத்துப் போங்க. இசியு காட்டுகிற 17 இலக்க விஐஎன், ஆர்.சி. புக்கில் உள்ள சேஸிஸ் நம்பரோடு ஒத்துப்போகிறதா? கோட்களை அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பல வண்டிகளில் படிக்கலாம். அது வெறும் 12 என்று நின்றால், அழித்தது யார், எதற்கு என்று விற்கிறவரிடம் கேளுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் பண்ண விடுவாரா என்றும் கேளுங்கள். அதுவரை அட்வான்ஸ் உங்க பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.