பார்க்குமுன் எழுதிய தீர்ப்பு

பிள்ளை பிறக்குமுன் பெயர் தேடுவார் உண்டு. பிள்ளை பிறக்குமுன்னே அதன் அறிவையும் அழகையும் அளந்து, 'இது தேறாது' என்று எழுதி வைப்பார் உண்டோ? குடும்பத்தில் இல்லை, கலையுலகில் உண்டு. நூல் அச்சேறுமுன்னும் நாடகம் அரங்கேறுமுன்னும் அதன் தலையெழுத்தை முடித்துவிடும் வழக்கம் இன்று பெருநோயாகப் பரவியுள்ளது. அந்நோய்க்கு இரையான படைப்புகளுள் ஒன்று 'ஸ்பேஸ் ஃபோர்ஸ்' என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர்.

அதன் பிறப்பே விந்தையானது. 2018 ஜூன் 18ஆம் நாள், அமெரிக்காவுக்குத் தனியே ஒரு விண்வெளிப் படை அமைக்கப்பட வேண்டும் என்று அந்நாள் அதிபர் டொனால்ட் டிரம்ப் ஆணையிட்டார். 2019 ஜனவரியில் அத்தகைய படையைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் வரவிருப்பதாக நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அறிவித்தது. உண்மையான படையோ 2019 டிசம்பர் 20ஆம் நாளன்றுதான் சட்டப்படி உருப்பெற்றது. படை பிறப்பதற்குப் பதினொரு திங்கள் முன்பே அதன் கேலிச் சித்திரம் பிறக்கவிருந்த செய்தி ஊரெங்கும் பரவிவிட்டது. தொடரை உருவாக்கியவர்கள் ஸ்டீவ் கரேலும் கிரெக் டேனியல்ஸும் ஆவர். 'தி ஆஃபீஸ்' என்னும் அலுவலக நகைச்சுவைத் தொடரை அமெரிக்காவுக்கேற்ப ஆக்கியவர் டேனியல்ஸ்; அதில் மேலாளராக நடித்துப் புகழ்பெற்றவர் கரேல். ஆதலின் எதிர்பார்ப்பு மலையளவு வளர்ந்தது.

2020 மே 29இல் பத்து அங்கங்கள் ஒருசேர வெளிவந்தன. மறுநாளே ஃபுளோரிடாவிலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் விண்கலம் இரண்டு வீரர்களைச் சுமந்து விண்ணேறியது. அமெரிக்க மண்ணிலிருந்து மனிதர் புவிச் சுற்றுப்பாதைக்குச் சென்றது 2011க்குப் பின் அதுவே முதல் முறை. மெய்யும் பொய்யும் அருகருகே நின்ற அவ்வேளையில், தொடரைப் பலர் பார்த்தனர்; தொடராகப் பார்த்தவர் எத்தனை பேர்? ஒருவர் தம் அச்சத்தைப் பார்த்தார். ஒருவர் தம் பழைய நினைவைப் பார்த்தார். ஒருவர் தம் அரசியல் சினத்தைப் பார்த்தார். மூன்று கூட்டத்தாரின் வழக்கையும் தனித்தனியே ஆராய்தல் தகும்.

படையைப் பார்த்துச் சிரிப்பது நாட்டுக்கு இழுக்கு என்பது முதற்கூட்டத்தார் வாதம். இது நிற்காத வாதம். எண்வகை மெய்ப்பாடுகளைச் சொல்லும் தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மாலையும் பீலியும் சூடிப் பளபளத்த வேல்களைக் கண்டு ஔவையார் புகழ்வது போல இகழ்ந்ததைப் புறநானூறு கற்றோர் அறிவர். இங்கிலாந்தில் 'டாட்ஸ் ஆர்மி' 1968இல் தொடங்கியபோது, ஊர்க்காவல் படையினரை அது இழிவுபடுத்துமோ என்று பிபிசி மேலோரே தயங்கினர். அதை எழுதியவருள் ஒருவரான ஜிம்மி பெர்ரி இளமையில் அப்படையில் பணிபுரிந்தவர். அன்புள்ளவன் செய்யும் கேலி அவமதிப்பாகாது என்பதை அத்தொடர் 1977 வரை நின்று மெய்ப்பித்தது. ஏன், உண்மையான விண்வெளிப் படையின் முதல் தலைவர் ஜெனரல் ஜான் ரேமண்டே, கரேல் தலைமுடியை வெட்டிக்கொள்ள வேண்டும் என்று வேடிக்கையாக அறிவுரை கூறினார். தலைவரே சிரித்த இடத்தில் பிறர் முகஞ்சுளிப்பானேன்?

'தி ஆஃபீஸ்' போல் இல்லையே என்பது இரண்டாங் கூட்டத்தார் குறை. இவர்கள் மறந்த செய்தி ஒன்றுண்டு. 2005இல் ஆறே அங்கங்களுடன் வந்த அமெரிக்க 'ஆஃபீஸ்' தொடரையும் அன்று பலர் இப்படித்தான் தள்ளினர். 'பிரிட்டிஷ் மூலம் போல் இல்லையே' என்றனர். அது ஒன்பது பருவங்கள் ஓடி 2013இல் நிறைவுற்றது. நேற்று மூத்தவனைக் காட்டி இளையவனை இகழ்ந்தனர். இன்று அந்த இளையவனைக் காட்டி அவனுக்கும் இளையவனை இகழ்கின்றனர். அளவுகோல் மாறவில்லை, அடிபடும் பிள்ளைதான் மாறியது.

அதிபரைச் சாட்டையால் அடிக்கவில்லையே என்பது மூன்றாங் கூட்டத்தார் ஏமாற்றம். தொடரில் அதிபர் தோன்றுவதில்லை; பெயரும் சொல்லப்படுவதில்லை; அவர் ஆணைகள் மட்டும் வந்து விழுகின்றன. காணாத அரசனின் ஆணையைக் கண்கண்ட ஊழியர் நிறைவேற்றத் திண்டாடுவதே கதை. அலுவலகத்தைப் பாடவந்த புலவனிடம் அரசனைப் பாடவில்லையே என்று வழக்காடுவது முறையா?

'விளம்பரம் செய்து ஆவலைத் தூண்டியவர்கள் அவர்களே; ஏமாந்தவர் குறை சொல்லக்கூடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விளம்பரம் வணிகனின் வாக்கு; படைப்பு கலைஞனின் வாக்கு. வணிகன் பட்ட கடனுக்குக் கலைஞனின் வீட்டை ஏலம் விடுதல் அறமன்று.

அவ்வாறாயின் தொடர் குற்றமற்றதோ? இல்லை. குற்றம் உண்டு, பெரிய குற்றமே உண்டு. முன்தீர்ப்பு எழுதியோர் அதைக் காணாமற் போனதுதான் இரங்கத்தக்கது. முதல் அங்கத்தில், ஏவுகணையை இன்று ஏவ வேண்டாம் என்று அறிவியலாளர் மாலரி எச்சரிக்கிறார். தளபதி நேர்ட் அதைத் தள்ளித் தம் மனம் சொன்னபடி ஏவுகிறார். ஏவல் வெற்றி பெறுகிறது. கேலிக்குரிய அறியாமை அங்கே பரிசு பெற்றுவிட்டது. பின்னொரு அங்கத்தில், 10,000 டாலர் செலவில் விண்ணுக்குச் சென்ற ஆரஞ்சுப் பழத்தைப் பற்றி மக்களவையினர் கேட்கின்றனர். எள்ளலுக்கு இதைவிட நல்ல கரு எங்குண்டு? ஆனால் அக்கேள்வியை வெல்வது கணக்கன்று. தளபதியின் உருக்கமான பேச்சு. எவரை நகைக்கத் தொடங்கினார்களோ அவரையே மாலையிட்டு வணங்கி முடித்துவிட்டார்கள். எள்ளலுக்குக் கையோங்கி, அடிக்க அஞ்சிய கை அது.

அக்கைக்கு வலிமை இல்லாமலில்லை. முதற்பருவத்தின் இறுதியில், நிலவில் அமெரிக்கர் சீனரின் குடிலைச் சிதைத்துவிட்டுத் திரும்பினால், அவர்தம் குடிலைச் சீனர் சிதைத்து வைத்திருக்கின்றனர். இரு வல்லரசுகளும் உலகுக்கு வெளியேயும் உறைவிடமின்றி நிற்கும் அக்காட்சி மெய்யான அங்கதம். 2022 பிப்ரவரியில் ஏழு அங்கங்களுடன் வந்த இரண்டாம் பருவம் அக்கருவை வளர்க்காமல் விரைந்து கடந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் தொடரும் நிறுத்தப்பட்டது.

வளர்வதற்குக் காலம் வேண்டும். 1972இல் தொடங்கிய 'மேஷ்' முதலாண்டில் போதிய பார்வையாளரின்றித் தள்ளாடியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்க, கொரியப் போர்க்கள மருத்துவமனையைக் காட்டி அது சிரிக்க வைத்தது. அறுவை அறையில் மட்டும் பதிவுச் சிரிப்பொலி கூடாது என்று அதை ஆக்கியோர் உறுதியாக நின்றனர். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே சிரிப்பு அடங்க வேண்டும் என்றறிந்த அத்தொடரின் இறுதி அங்கத்தை 1983இல் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர் கண்டனர். முதலாண்டிலேயே அதைப் புதைத்திருந்தால் இழப்பு யாருக்கு?

இது ஒரு நாட்டின் ஒரு தொடரோடு முடியும் செய்தியன்று. வகுப்பறையிலும் இதே நோய் உண்டு. பாட நூலில் புதிய சிறுகதையைக் கண்டதும், ஆசிரியர் யாரென்று பார்த்து மதிப்பிடும் மாணவன் உண்டு. கட்டுரையின் முதல் வரியைக் கண்டதும், எழுதியவன் யாரென்று பார்த்து மதிப்பெண் இடும் ஆசிரியரும் உண்டு. முன்னவன் கதையை இழக்கிறான். பின்னவர் மாணவனை இழக்கிறார். திறனாய்வு என்பது விருப்பு வெறுப்பின்றிப் படைப்பின் முன் அமர்தல். அது சொன்னதைக் கேட்டு, சொல்லத் தவறியதைச் சுட்டுதல். குற்றஞ் சொல்லும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆனால் அவ்வுரிமை படித்து முடித்த பின்னரே பிறக்கிறது. படிக்குமுன் எழுதும் தீர்ப்பு படைப்பின் தரத்தைக் காட்டாது. எழுதியவரின் சோம்பலைத்தான் காட்டும்.