துருவாமை மட்டும் காப்பன்று

தைட்டானியம் துருவேறாத மாழை. அதனை எதுவும் தீண்டாது என முழங்குவார் உளர். 1966-இல் அம் முழக்கம் பொய்த்தது. அமெரிக்காவின் அப்பல்லோ விண்கலத்துக்கெனச் செய்த தைட்டானியக் கலன் அழுத்த ஆய்விலேயே பிளந்தது. உள்ளிருந்தது எரிபொருளன்று; தீங்கற்றதெனக் கருதி ஊற்றிய மெத்தனால்!

மாழையைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய உயிரகத் தோல். நீரற்ற மெத்தனாலில் கிழிந்த அத் தோல் மீளக் கூடுவதில்லை. இழுவிசை அவ்விடத்தே விரிசலை வளர்க்கும். சிறிது நீர் கலந்திருப்பின் தோல் மீண்டும் உருவாகும்.

பற்றவைப்பிலும் ஈரத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடையாது உருக்கினால் ஐட்ரசன் எனும் நீரகம் உட்புகும். பெருவழக்கான தரங்களுக்கு நூற்றுக்கு 0.015 பங்கே வரம்பு. மீறின் மாழை நொய்ந்துபோகும். விரிசல் நாள் கழித்தே வெளிப்படும்.

பெயரை நம்பி ஆய்வைக் கைவிடுவோர் உணர்க: ஏமாற்றுவது மாழையன்று, மெத்தனமே!