பவுசருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

எரிபொருள் பவுசர் ஒன்று வீதியோரம் குடைசாய்ந்தால் முதலில் அங்கே ஓடிவருவது தீயணைப்புப் படையும் அல்ல, பொலிஸும் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர், எதிர்க்கடைக்காரர், பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கிய பயணிகள். சாரதியை வெளியே இழுத்தெடுப்பவர்களும் அவர்கள்தான், கைபேசியில் படம் எடுப்பவர்களும் அவர்கள்தான். ஒழுகும் எரிபொருளைக் கானில் பிடிப்பவர்களும் சில வேளைகளில் அவர்கள்தான்.

கடைசியாகச் சொன்னது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பாகிஸ்தான் பார்த்திருக்கிறது. 2017 ஜூன் 25, நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள். பஞ்சாப் மாகாணத்தின் அஹ்மத்பூர் கிழக்கில் பெற்றோல் தாங்கி ஊர்தி ஒன்று கவிழ்ந்தது. கிராமத்தவர்கள் வாளியும் போத்தலுமாக ஓடினார்கள். சிறிது நேரத்தில் தீ பரவியது. 200க்கும் அதிகமானோர் இறந்தனர். மக்களின் பேராசை என்று பேசியவர்கள் பலர். ஆனால் அந்நாட்டின் எண்ணெய், எரிவாயு ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை விசாரித்தபோது, அந்த ஊர்தியே உரிய தரநியமங்களுக்கு அமைவாக இருக்கவில்லை என்பது தெரியவந்தது. 2022இல் நாட்கணக்கில் பெற்றோல் வரிசையில் நின்ற நாங்கள், எங்கள் ஊரில் அந்த நாட்களில் ஒரு பவுசர் கவிழ்ந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

வீதி விபத்துச் செய்திகளுக்காக நான் பேசும் இடங்களில் எல்லாம் ஒரு கேள்வி கேட்பேன்: வாகனத்துக்குள் என்ன இருந்தது? பெரும்பாலும் வரும் பதில் “எண்ணெய்”, இல்லாவிட்டால் “ஏதோ கெமிக்கல்”. விபத்து இடத்தில் நிற்பவர்களுக்கு அதற்கு மேல் தெரிவதில்லை. இந்தக் கட்டுரை அந்த அறியாமையைப் பற்றியது. அது மக்களின் குறை அல்ல. எங்கள் சட்டங்கள் அமைந்திருக்கும் விதம்.

பொருளுக்கு ஒரு சட்டம்

இலங்கையில் இதற்குச் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெடிபொருட்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பீடைகொல்லிகளுக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டம். அபாயகரமான கழிவுகளைக் கொண்டுசெல்ல, அதே ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். கதிரியக்கப் பொருட்களுக்கு 2014ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம். பெற்றோலியத்துக்குத் தனி ஏற்பாடுகள். வாகனத்துக்கும் சாரதிக்கும் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம்.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் இருந்து பிறந்தவை: இந்தப் பொருளை யார் வைத்திருக்கலாம்? களஞ்சியத்தில் இருந்து புறப்பட்டு யாழ்ப்பாணம் வரையான ஏறத்தாழ 400 கிலோமீற்றரில் அந்தப் பொருளுக்கும் வீதியோரத்து மனிதருக்கும் இடையில் என்ன நடக்கலாம் என்பது அந்தக் கேள்விக்குள் அடங்காது. பொருளுக்கு ஒரு சட்டம், சட்டத்துக்கு ஒரு நிறுவனம் என்று பிரிந்து கிடக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் பாரவூர்திக்கு முழுமையாகப் பொறுப்பான ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடிப்பது கடினம்.

வடக்கில் இதற்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. போர்க்காலத்தில் பெற்றோல், டீசல், பற்றரி, உரம் எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. சோதனைச்சாவடியில் கேட்கப்பட்டது எவ்வளவு, யாருக்கு, எங்கே என்பதுதான். கான் ஒழுகுகிறதா, மூடி இறுக்கமா, பக்கத்தில் பிள்ளை இருக்கிறதா என்பது யாருடைய கவலையாகவும் இருக்கவில்லை. ஆபத்தான பொருள் என்றால் அரசுக்கு ஆபத்தான பொருள் என்றே பழகிவிட்டோம். அதைக் கொண்டுபோகிறவருக்கும் தெருவில் நிற்பவருக்கும் ஆபத்தான பொருள் என்ற எண்ணம் அந்த இடத்தில் வளரவில்லை.

கடலில் இருக்கும் ஒழுங்கு தரையில் இல்லை

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது என்பதும், தீப்பிடிப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அமிலம் கசிந்தது கப்பலில் உள்ளவர்களுக்குத் தெரியும் என்பதும் வெளியே வந்தன. பேரழிவைத் தடுக்க அது போதவில்லை. ஆனால் எந்தக் கொள்கலனில் என்ன இருக்கிறது என்பதைப் பதிந்து வைக்கும் கட்டாயம் கடலில் இருந்தது. கடல்வழியாக ஆபத்தான பொருட்களைக் கொண்டுசெல்வதற்கான சர்வதேசக் கோவை 2004 முதல் கட்டாயமானது. விமானத்துக்கும் இப்படியொரு கோவை உண்டு.

அதே அமிலம் துறைமுக வாசலைத் தாண்டி, சிறு பாரவூர்திகளில் பிரித்து ஏற்றப்பட்டு, மேலே படங்கு இழுத்துக் கட்டப்பட்டால்? பீப்பாயில் ஒட்டிய அடையாளம் படங்குக்குள் மறைந்துவிடும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது சீமெந்து ஏற்றிய வாகனமாகவும் இருக்கலாம்.

நான்கு இலக்கங்கள்

ஐக்கிய நாடுகள் சபையின் பரிந்துரைகள் ஆபத்தான பொருட்களை 9 வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் கொடுக்கின்றன. பெற்றோல் 1203, டீசல் 1202, குளோரின் 1017, அமோனியா 1005, நைத்திரிக் அமிலம் 2031. 1957இல் ஜெனீவாவில் உருவான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில் தாங்கி ஊர்திகளில் செம்மஞ்சள் தகடு இருக்கும். மேல் வரியில் ஆபத்தின் தன்மையைச் சொல்லும் எண், கீழ் வரியில் பொருளின் எண். மேல் வரி எண்ணுக்கு முன்னால் எக்ஸ் எழுத்து இருந்தால் தண்ணீர் அடிக்கக்கூடாது என்று அர்த்தம்.

இது ஏன் உயிர் காக்கும் விடயம்? பெற்றோல் தண்ணீரில் மிதக்கும். கண்டபடி தண்ணீரைப் பீய்ச்சினால் எரியும் பெற்றோல் தண்ணீரோடு வடிகாலுக்குள் போகும். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. பள்ளத்திலும் கானிலும் தங்கி நின்று, தூரத்தில் இருக்கும் அடுப்பில்கூடப் பற்றும். குளோரினும் தாழ்ந்து பரவும், ஆகவே மேட்டுப் பக்கம், காற்று வீசி வரும் பக்கம் ஓடவேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. எது என்று தெரியாமல் வரும் தீயணைப்பு வீரர் தன் உயிரை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இலங்கையில் தீயணைப்பு பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளின் கையில் இருக்கிறது. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்துக்கென ஒரு தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை.

எண்ணுக்கு மொழி கிடையாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தென்பகுதிச் சாரதியும் தமிழ்க் கிராமத்தவரும் சந்திக்கும் ஏ-9 வீதியில், 119க்கு அழைக்கும் ஒருவர் எந்த மொழியிலும் நான்கு இலக்கங்களைச் சொல்லிவிடலாம். மறுமுனையில் இருப்பவரிடம் அந்த எண்களின் புத்தகம் இருந்தால் போதும்.

நேரம் கிடைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அயலில் உதாரணம் உண்டு. 2024 டிசம்பர் 20 ஜெய்ப்பூரில் எரிவாயு தாங்கி ஊர்தி ஒன்றில் பாரவூர்தி மோதி, உடனடியாகத் தீ பரவி, பலர் உயிரிழந்தனர். இரண்டு வாரங்களில், 2025 ஜனவரி 3, கோயம்புத்தூர் அவினாசி வீதி மேம்பாலத்தில் இன்னொன்று கவிழ்ந்து எரிவாயு கசிந்தது. வீதி மூடப்பட்டது, சுற்றியுள்ள பாடசாலைகளுக்கு விடுமுறை விடப்பட்டது, தண்ணீர் தொடர்ந்து தெளிக்கப்பட்டது, ஊர்தி நிமிர்த்தி அகற்றப்பட்டது. உயிரிழப்பு இல்லை. உள்ளே இருப்பது என்னவென்று வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தண்டம் யாருக்கு?

புதிய விதி என்றதும் எனக்கு வரும் பயம் வேறு. அது இன்னொரு தண்டப் பத்திரமாக மட்டும் மாறிவிடக்கூடாது. படகுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோகும் மீனவர், தண்ணீர்ப் பம்பிக்கு டீசல் வாங்கும் விவசாயி, முச்சக்கரவண்டியில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஏற்றிவரும் கடைக்காரர். இவர்களை மறித்து எழுதுவது சுலபம்.

உலக விதிகள் இதை யோசித்திருக்கின்றன. ஜெனீவா உடன்படிக்கையின்படி ஒரு வாகனத்தில் பொதிகளில் 333 லீற்றர் வரை பெற்றோல் கொண்டுசெல்ல பெரும்பாலான கடும் நிபந்தனைகள் பொருந்தாது. சிறிய சுமைக்குச் சிறிய விதி போதும்: சிலிண்டரைப் படுக்க வைக்காதே, நிமிர்த்திக் கட்டு. படுத்துக் கிடக்கும் சிலிண்டரில் கசிவு வந்தால் வாயுவுக்குப் பதில் திரவம் வெளியேறும். அது பல மடங்கு விரியும். இதை விற்பனை முகவரே சொல்லிக் கொடுக்கலாம்.

பெரிய சுமையில் பொறுப்பு சாரதியோடு நின்றுவிடவும் கூடாது. 1978 ஜூலை 11, ஸ்பெயினின் லோஸ் அல்ஃபாகெஸ் முகாமுக்கு அருகில் அளவுக்கு மேல் புரொப்பிலீன் ஏற்றிய தாங்கி வெடித்து 200க்கும் அதிகமானோர் இறந்தனர். சாரதியும் இறந்துபோனார். பின்னர் தண்டிக்கப்பட்டவர்களில் ஏற்றி அனுப்பிய நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அனுப்புபவர், ஏற்றுபவர், கொண்டுசெல்பவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடமை எழுதப்படாத வரை, இங்கே சம்பளத்துக்கு ஓடும் சாரதிதான் எல்லாவற்றுக்கும் குற்றவாளி.

சட்டத்தைத் திரும்பத் திரும்ப எழுதத் தேவையில்லை. ஐ.நா. பட்டியல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. லித்தியம் அயன் பற்றரிக்கு 3480 என்ற எண் ஏற்கெனவே இருக்க, சோடியம் அயன் பற்றரிக்கு 3551 அண்மையில் சேர்ந்தது. வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டு மின்வாகனங்களும் சூரியசக்திப் பற்றரிகளும் வந்திறங்கும் நாட்டில், 1980இன் பட்டியலை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. அந்தப் பட்டியலை அப்படியே ஏற்று, மாற்றங்களை வர்த்தமானியில் அறிவிக்க ஒரு பிரிவு போதும்.

செலவு குறைந்த இரண்டு வேலைகளை அதற்கு முன்னரே தொடங்கலாம். வாகனத்தின் முன்னும் பின்னும் ஒரு தகடு. சாரதியின் ஆசனத்துக்குப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள்: உள்ளே இருப்பது இது, கசிந்தால் இத்தனை மீற்றர் விலகு, தண்ணீர் அடிக்கலாமா கூடாதா. பாதுகாப்பற்ற ரயில் கடவைகள் நிறைந்த வடபகுதிப் பாதையில் மூன்றாவதாக ஒன்று: அமெரிக்காவில் உள்ளதுபோல, இத்தகைய வாகனங்கள் கடவைக்கு முன் கட்டாயம் நின்று பார்த்துப் போகவேண்டும். இவை மூன்றுக்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. அடுத்த பவுசர் கவிழும்போது ஓடிப்போகும் பக்கத்து வீட்டுக்காரருக்கு, ஓடவேண்டியது எந்தப் பக்கம் என்றாவது தெரிந்திருக்கும்.