புளியரை மேடும் செராமிக் க்ளட்சும்

டிஸ்கி: லாரி, டிப்பர், கிரீஸ் வாசனை இதெல்லாம் ஆகாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். குற்றாலச் சாரலைப் பத்தி இன்னொரு நாள் எழுதறேன்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் பத்து சக்கர வண்டி வச்சிருக்கிறவங்க நடுவுல ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. "ஒரிஜினல் க்ளட்ச் நம்ம மேட்டுக்குத் தாங்காது, செராமிக் போட்டுருங்க, அப்புறம் கவலையே இல்லை." இது முக்கால்வாசி தப்புங்கிறது என் கட்சி. மிச்ச கால்வாசி எங்க சரின்னும் சொல்றேன்.

"சாஃப்ட்வேர்காரனுக்கு லாரியில என்ன வேலை?"ன்னு கேப்பீங்க. படிச்சது மெக்கானிக்கல் மக்கா. பொழைக்கிறதுதான் கம்ப்யூட்டர்ல. ஊர்ல மாமாவுக்கு ரெண்டு டாரஸ் வண்டி ஓடுது. (பத்து சக்கர வண்டி எந்தக் கம்பெனியா இருந்தாலும் எங்க ஊர்ல அது டாரஸ்தான்!) அதுல ஒரு வண்டிக்கு ஒரே வருஷத்துல ரெண்டு க்ளட்ச் செட்டு காலி. மாமா போன் போட்டு, "ஏல, இஞ்சினியருக்குப் படிச்சேல்ல, செராமிக் போடலாமா, பெரிய சைஸ் போடலாமான்னு கணக்குப் பாத்துச் சொல்லு"ன்னுட்டார். பாத்த கணக்குதான் இந்தப் பதிவு.

முதல்ல ரோடு. செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு கொல்லம் போற ரோடு. இப்ப தேசிய நெடுஞ்சாலை 744, பழைய நம்பர் 208. எம்-சாண்ட், ஜல்லி, சிமென்ட், காய்கறி எல்லாம் இது வழியாத்தான் கேரளாவுக்குப் போகுது. அதாவது லோடோட ஏற வேண்டியது நம்ம பக்கத்து மேடு. பக்கத்துலயே போற ரயிலுக்குக் கூட மலையில முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு இஞ்சின் போட்டுத்தான் ஏத்துறாங்க. லாரிக்குப் பின்னாடி தள்ள யாரு இருக்கா? அந்தப் பாரம் மொத்தமும் ஒத்தை க்ளட்ச் பிளேட்டு மேலதான்.

இதோட குற்றால சீசனையும் சேத்துக்கோங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வேன், கார், பஸ்னு இலஞ்சி, செங்கோட்டை ரோடு நிரம்பிடும். பின்னாடி லோடு வண்டி ஊர்ந்து, நின்னு, ஊர்ந்து, நின்னு... ஒவ்வொரு தடவையும் க்ளட்சை மிதிச்சு எடுக்கணும்.

வண்டி பேரே கதை சொல்லும்

டாடா வண்டியோட நம்பரைக் கவனிச்சிருக்கீங்களா? முதல் ரெண்டு எழுத்து சுமார் எத்தனை டன், அடுத்த ரெண்டு எழுத்தைப் பத்தால பெருக்கினா சுமார் எத்தனை குதிரைத் திறன். 1613-ன்னா 16 டன், 130 குதிரை. 2518-ன்னா 25 டன், 180. அப்புறம் 28-ல ஆரம்பிக்கிற வண்டிங்க வந்துச்சு. காரணம், 2018 ஜூலையில மத்திய அரசு மூணு ஆக்ஸில் வண்டியோட மொத்த எடை வரம்பை 25 டன்னுல இருந்து 28.5 டன்னுக்கு ஏத்தினது. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்தது. இஞ்சின் இழுவையும் கூடிக்கிட்டே வந்துச்சு.

இழுவை கூடினா க்ளட்சும் கூடணும், சரிதானே? சரி. ஆனா கம்பெனிக்காரன் அதைக் கணக்குப் போட்டுத்தான் குடுக்கிறான். சும்மா ஒரு எண் வச்சுப் பாப்போம். 380 மில்லிமீட்டர் பிளேட்டு, பிரஷர் பிளேட்டு அமுக்குற விசை 18,000 நியூட்டன், உராய்வு எண் 0.3, சராசரி ஆரம் 0.15 மீட்டர், பிளேட்டுக்கு ரெண்டு முகம். எல்லாத்தையும் பெருக்கினா 1,620 நியூட்டன் மீட்டர். இஞ்சின் இழுவை 950-ன்னு வைங்க. கிட்டத்தட்ட 1.7 மடங்கு தெம்பு இருக்கு. அதாவது முழுசாப் பிடிச்ச நிலையில நல்ல க்ளட்ச் வழுக்கவே வழுக்காது.

அப்ப ஏன் கருகுது?

கருகுறது பிடிக்கும்போது இல்ல, வழுக்கும்போது

இங்கதான் மேட்டர். பிளேட்டு பாதி பிடிச்சு பாதி வழுக்குற நேரத்துலதான் சூடு கிளம்புது. நம்ம பாஷையில ஹாஃப் க்ளட்ச்.

28.5 டன் வண்டி, நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறுற மேடு. பிரேக் பிடிக்காம, க்ளட்சிலயே வண்டியை நகராம நிறுத்தி வச்சிருக்கார் டிரைவர். இஞ்சின் 1,000 சுத்துல ஓடுது. ஃபர்ஸ்ட் கியர்னா க்ளட்ச் தாங்க வேண்டியது சுமார் 200 நியூட்டன் மீட்டர், அதுல வர்ற சூடு 21 கிலோவாட். செகண்ட் கியர்னா 350 நியூட்டன் மீட்டர், சூடு 37 கிலோவாட். (ஃபர்ஸ்டுக்கு 7, செகண்டுக்கு 4, பின் ஆக்ஸிலுக்கு 6-ன்னு கியர் விகிதம் வச்சுப் போட்ட கணக்கு. வண்டிக்கு வண்டி மாறும்.) வீட்டுக் குளியலறையில இருக்குமே, 2 கிலோவாட் ஹீட்டர், அது பதினெட்டு ஒரே பெட்டிக்குள்ள ஓடுது!

இருபது செகண்ட் இப்படி நிறுத்தினா, ப்ளைவீல் முகமும் பிரஷர் பிளேட்டும் சேந்த 30 கிலோ இரும்பு ஐம்பது டிகிரி ஏறும். ஜாம்ல அஞ்சு தடவை ஆச்சுன்னா இருநூத்தி ஐம்பது. சாதாரண ஆர்கானிக் லைனிங்குல இழைங்களை ஒட்டி வச்சிருக்கிற பிசின் அந்தச் சூட்டுலதான் தளர ஆரம்பிக்கும். அப்புறம் அந்த வாடை வரும். லாரி ஓட்டுறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொண்ணு. சமதரையிலயே வண்டியை ஃபர்ஸ்டுக்குப் பதிலா செகண்ட்ல எடுத்தா, க்ளட்ச் பிடிச்சு முடியறப்ப வண்டி வேகம் 1.75 மடங்கு, சூடு அதோட வர்க்கம், சுமார் மூணு மடங்கு. லோடு வண்டியை செகண்ட்ல எடுக்கிற பழக்கம் நம்ம பக்கம் ரொம்பப் பேருக்கு உண்டு. செராமிக் விக்கிறவங்க யாரும் இதைச் சொல்றதில்லை, ஹி ஹி.

செராமிக் நல்லதா, கெட்டதா?

ரெண்டும் இல்லை. அது வேற வேலைக்கான சாமான்.

செராமிக்னா பீங்கான் கப்பு இல்லை. உலோகப் பொடியும் செராமிக் பொடியும் சேத்துச் சூட்டுல இறுக்கின பட்டன்கள், பிளேட்டுல நாலோ ஆறோ இருக்கும். உராய்வு எண் 0.4 பக்கம். அதே அமுக்கத்துல மேல சொன்ன 1,620 இப்ப 2,160 ஆகிடும். எவ்வளவு சூடானாலும் பிடிமானம் சட்டுன்னு விடாது. எல்லாம் உண்மை.

ஆனா சூடு எங்கயும் ஓடிப் போயிடலை. பிளேட்டு கருகாததால அந்தச் சூடு ப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் போகும், முகத்துல விரிசல் விழும். பிடிக்கும்போது பொறுமையாப் பிடிக்காது, வெடுக்குன்னு பிடிக்கும். அந்த வெட்டு கியர்பாக்ஸ், ஜாயிண்ட் க்ராஸ், கிரவுன் பினியன்னு வரிசையாப் பின்னாடி போகும். க்ளட்ச்ங்கிறது ஒரு விதத்துல வீட்டு மீட்டர்ல இருக்கிற ஃபியூஸ் மாதிரி. அடிக்கடி போகுதுன்னு தடிச்ச கம்பியைச் சுத்தினா ஃபியூஸ் போகாது, வயரிங் போகும். எஸ் வளைவுல லோடோட ஏறும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் க்ராஸ் உடைஞ்சா, இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு விட்டுப்போச்சு. வண்டி பின்னாடி உருளுறதுக்கும் உயிருக்கும் நடுவுல பிரேக் மட்டும்தான். பின்னாடி கோயம்புத்தூர்ல இருந்து குளிக்க வந்த குடும்பம் கார்ல நிக்கும்.

கால்வாசி சரின்னு சொன்னேனே, அது இது: குவாரிக்குள்ளயே ஓடுற டிப்பர். மண்ணுல, மேட்டுல, ரிவர்ஸ் எடுத்து எடுத்து, வேகமே இல்லாம நாள் முழுக்க. அங்க ஆர்கானிக் நிக்காது, செராமிக்தான் சரி. அதுவும் நடுவுல டேம்பர் ஸ்பிரிங் நல்லா இருக்கிற பிளேட்டாப் பாத்துப் போடணும். ரோட்டுல நூறு கிலோமீட்டர் போய் வர்ற வண்டிக்கு அது வேண்டாம்.

பெரிய சைஸ்? 380-க்குப் பதிலா 430 போட்டா, அதே அமுக்கத்துல பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல தெம்பு கூடும். அதைவிட முக்கியம், சூட்டை வாங்கிக்க இரும்பு அதிகம். நல்ல விஷயம்தான். ஆனா ப்ளைவீல், கவர், ஹவுசிங் எல்லாம் அதுக்கு ஒத்துப்போகணும். அந்த மாடலுக்குக் கம்பெனியே பெரிய சைஸ் குடுத்திருந்தா மட்டும் போங்க. லேத்துல குடைஞ்சு பொருத்துற வித்தையெல்லாம் வேண்டாம்.

அப்ப மாமாவுக்கு என்ன சொன்னேன்?

1. அதே சைஸ், நல்ல கம்பெனி ஆர்கானிக் செட்டு. பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, ரிலீஸ் பேரிங் மூணும் சேத்து மாத்தணும். சூட்டுல தளர்ந்த ஸ்பிரிங்கை வச்சு ரீகண்டிஷன் பண்ணின பிரஷர் பிளேட்டு வேண்டவே வேண்டாம். 18,000 நியூட்டன் 14,000 ஆச்சுன்னா 1,620-ம் 1,260 ஆகிடும்.

2. ப்ளைவீலைக் கழட்டி ஃபேசிங் பண்ணணும். பின்னாடி ஆயில் சீல் கசியுதான்னு பாக்கணும். ஒரு சொட்டு ஆயில் போதும், புதுப் பிளேட்டும் வழுக்கும். பைலட் பேரிங், ஃபோர்க் புஷ், பூஸ்டர், பெடல் ஃப்ரீ பிளே எல்லாத்தையும் அப்பவே முடிச்சுடணும்.

3. எடை. 28.5 டன்னுக்குப் பதிலா 40 டன் ஏத்தினா மேல சொன்ன எல்லாச் சூடும் நாப்பது சதவீதம் கூடும். 2019 செப்டம்பர்ல இருந்து அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூட ஏத்தின ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. க்ளட்ச் செட்டு காசையும் இதோட கூட்டிப் பாருங்க, அந்த எக்ஸ்ட்ரா லோடுல என்ன மிஞ்சும்?

4. மேட்டுல நின்னா ஹேண்ட் பிரேக். எடுக்கிறது ஃபர்ஸ்ட் கியர் மட்டும்.

நாலாவது பாயிண்டைச் சொன்னதும் மாமா, "அதைத்தான் டிரைவர்கிட்ட தலையால அடிச்சுச் சொல்லுதேன்"னார். நான் அப்பதான் அஞ்சாவதைச் சொன்னேன்.

5. க்ளட்ச் போனா டிரைவர் பேட்டாவுல பிடிக்கிறதை நிறுத்துங்க.

எங்க பக்கம் சில முதலாளிங்க இதைப் பண்றாங்க. லோடை ஏத்தினது முதலாளி. இத்தனை மணிக்குள்ள இறக்கணும்னு சொன்னது முதலாளி. தேஞ்ச பிரஷர் பிளேட்டுல புது பிளேட்டைப் போட்டு ஓட்டச் சொன்னதும் முதலாளி. கருகினா மட்டும் டிரைவர் காலு சரியில்லை. காசைப் பிடிச்சா என்ன ஆகும்? வாடை வந்ததும் ஓரங்கட்டி ஆற விடற ஆளு, பயந்துக்கிட்டு வெளியில சொல்லாம அப்படியே ஓட்டிப் புனலூர் போய்ச் சேருவார். லைனிங்கோட போக வேண்டியது ப்ளைவீலையும் சேத்துக்கிட்டுப் போகும்.

ஆபீஸ்ல நாங்களும் இதைப் பாத்திருக்கோம். சர்வர் திணறுதுன்னா முதல்ல எல்லாரும் சொல்றது "பெரிய மெஷின் வாங்கு". கோடு எங்க சுத்துதுன்னு பாக்கிறது அப்புறம்தான். தப்பு பண்ணினவனைத் திட்டுற டீம்ல தப்பு வெளியில வர்றதும் கடைசியிலதான்.

மாமா முதல் ரெண்டுக்கும் உடனே சரின்னுட்டார். எடைக்கு, "குவாரியில ஏத்துறதுதான நாம போறது, பேசிப் பாக்கேன்"னார். பேட்டா விஷயத்துக்கு மட்டும் "பாப்போம்ல"ன்னு சொல்லி போனை வச்சுட்டார். தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப அதைத்தான் முதல்ல கேக்கணும்.

மலை ரோட்டுல வண்டி ஓட்டுறவங்க, வச்சிருக்கிறவங்க யாராவது படிச்சீங்கன்னா, எந்த பிளேட்டு, எவ்வளவு லோடு, எத்தனை கிலோமீட்டர் வந்துச்சுன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போங்க. கணக்குல வர்றது ஒண்ணு, மேட்டுல வர்றது ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு ஆசை.